பழைய கடிதங்களைப் பதிப்பிப்பது ஆய்வாகுமா? ஜீன் யெல்லினின் வாழ்நாள் வேலை

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்து எழுதப்பட்ட நூல்களையும் கடிதங்களையும் தேடிப் பதிப்பிப்பதிலேயே முழு ஆய்வு வாழ்க்கையையும் கழித்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே எழுதி வைத்ததைத் திரும்ப அச்சடிப்பதில் என்ன ஆய்வு இருக்கிறது? அதற்கு ஏன் இத்தனை வருடம்?"

பலரும் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்விதான். பொதுப்படையாகப் பதில் சொன்னால் சப்பென்று இருக்கும். ஒரே ஒருவருடைய வேலையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஜீன் ஃபேகன் யெல்லின் 1930இல் பிறந்து 2023இல் மறைந்தவர். 1969இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். துறை ஆங்கில இலக்கியம். ஆனால் அவர் செய்தது நூற்றுக்கு நூறு வரலாற்றாய்வாளரின் வேலை. போலி என்றும் புனைகதை என்றும் ஆய்வுலகம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்து, அடிமையாகப் பிறந்த ஒரு பெண் தன் கையால் எழுதிய தன் வரலாறு அது என்று ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். செய்து முடிக்க அவருக்குப் பல வருடங்கள் ஆயின.

முதலில் அந்தப் புத்தகம். 1861இல் பாஸ்டனில் வெளிவந்தது. 'இன்சிடெண்ட்ஸ் இன் த லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்', அதாவது 'ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நடந்தவை'. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. "அவளே எழுதியது" என்று இருக்கும். கீழே, பதிப்பாசிரியர் எல். மரியா சைல்டு என்று இருக்கும். சைல்டு அப்போது நாடறிந்த வெள்ளைக்கார எழுத்தாளர், அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். கதையைச் சொல்லும் பெண்ணின் பெயர் லிண்டா பிரெண்ட். ஊர்ப் பெயர் இல்லை. மனிதர்கள் எல்லோருக்கும் மாற்றுப் பெயர்கள்.

லிண்டா பிரெண்டின் உண்மைப் பெயர் ஹாரியட் ஜேக்கப்ஸ். 1813இல் வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிறிய துறைமுக ஊரில் அடிமையாகப் பிறந்தவர். முதல் எஜமானி மார்கரெட் ஹார்னிப்லோ அவருக்குப் படிக்கவும் தைக்கவும் கற்றுக்கொடுத்தார். 1825இல் மார்கரெட் இறந்ததும், அவருடைய சகோதரியின் மூன்று வயது மகளுக்கு ஹாரியட் சொத்தாகப் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழந்தையின் அப்பா டாக்டர் ஜேம்ஸ் நார்கம். ஹாரியட் பதின்ம வயதை எட்டியதிலிருந்தே நார்கமின் பாலியல் தொல்லை ஆரம்பித்துவிட்டது. அவரிடமிருந்து விலக வேறு வழி தெரியாமல், சாமுவேல் ட்ரெட்வெல் சாயர் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞரோடு உறவு வைத்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தன. (இந்தச் சாயர் பின்னால் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.) 1835இல் ஹாரியட் ஓடி ஒளிந்தார். கடைசியில் தஞ்சம் கிடைத்தது பாட்டி வீட்டுச் சாய்ப்பின் கூரைக்குக் கீழே ஒரு பரணில். ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், மிக உயரமான இடத்தில் மூன்றடி உயரம். எழுந்து நிற்கக்கூட முடியாத அந்த இடத்தில் ஏறக்குறைய ஏழு வருடம் கிடந்தார். கீழே தன் பிள்ளைகள் விளையாடுவதை ஒரு சின்னத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே. 1842இல் படகேறி ஃபிலடெல்ஃபியா போய், அங்கிருந்து நியூயார்க்குக்குப் போனார்.

இதைப் படிக்கும்போதே "ஏழு வருடமா? நம்புகிற மாதிரி இல்லையே" என்று தோன்றலாம். ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. தெற்கத்திய வரலாற்றில் ஒரு காலத்தில் பெரிய அதிகாரமாக இருந்த உல்ரிக் பி. ஃபிலிப்ஸ், 1929இல் எழுதிய நூலில், முன்னாள் அடிமைகளின் தன்வரலாறுகளை மொத்தமாகவே சந்தேகத்துக்குரியவை என்று தள்ளினார். ஒழிப்பு இயக்கத்தார் அவற்றில் அளவுக்கு மீறிக் கை வைத்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அவர் எதை நம்பினார்? தோட்ட முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும். அடித்தவன் எழுதி வைத்தது ஆவணம், அடி வாங்கியவர் எழுதியது பிரசாரம். இந்த ஒரு சார்பு பல பத்தாண்டுகள் அமெரிக்க வரலாற்றுத் துறையை ஆட்டிப் படைத்தது. அடிமைமுறை பற்றிய அந்தக் காலத்துப் பாடநூல்கள் பலவும் அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவைதான் என்பதை நினைத்தால், பதிப்பு வேலை ஏன் சின்ன வேலை கிடையாது என்பது புரியும். எதை ஆதாரம் என்று ஏற்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் வரலாறு.

இதை மாற்றியவர்கள் பதிப்பாசிரியர்கள். ஃபிலிப் ஃபோனர் 1950களில், அடிமையாக இருந்து தப்பி ஒழிப்பு இயக்கத்தின் பெரும் பேச்சாளரான ஃபிரெடெரிக் டக்ளஸின் எழுத்துகளை நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அப்போது அவருக்குப் பல்கலைக்கழக வேலை கிடையாது. 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டையில் கல்லூரி வேலையை இழந்தவர் அவர். யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிளாசிங்கேம் 1973இல் டக்ளஸ் ஆவணத் திட்டத்தைத் தொடங்கினார். டக்ளஸின் உரைகள் மட்டுமே ஐந்து பெரிய தொகுதிகளாக 1979க்கும் 1992க்கும் இடையில் வந்தன. கடிதங்களின் வரிசை அவருக்குப் பின் வேறு கைகளில் தொடர்ந்தது. ஃபுளோரிடாவில் சி. பீட்டர் ரிப்லியும் அவருடைய குழுவும் கறுப்பின ஒழிப்பு இயக்கத்தாரின் தாள்களை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று பல நாடுகளில் தேடி, 1985 முதல் 1992 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒழிப்பு இயக்கம் என்றால் நல்ல மனம் படைத்த வெள்ளைக்காரர்களின் இயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த ஐந்து தொகுதிகளைப் புரட்டினாலே போதும்.

இதில் பிளாசிங்கேமைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972இல் அவர் எழுதிய 'தி ஸ்லேவ் கம்யூனிட்டி', அடிமைப்பட்டவர்களின் சொந்தச் சொற்களை வைத்தே அவர்கள் வாழ்க்கையை எழுத முடியும் என்று காட்டிய நூல். 1977இல் அவர்களுடைய கடிதங்கள், உரைகள், நேர்காணல்களைத் தொகுத்து ஒரு கனத்த புத்தகமும் போட்டார். முன்னாள் அடிமைகளின் சாட்சியத்தை வரலாற்றுக்குள் கொண்டுவந்ததில் அவருக்கு இணை சிலரே. அப்படிப்பட்டவரே ஜேக்கப்ஸின் புத்தகத்தை நம்பத் தகாதது என்றார். கதை ரொம்பவும் ஒழுங்காகப் போகிறது, பிரிந்தவர்கள் எல்லாம் தற்செயலாகத் திரும்பச் சந்திக்கிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் கற்புக்கு ஆபத்தும் முதலாளியின் காமமும், எல்லாம் நாடகத்தனம் என்பது அவர் வாதம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாசிங்கேமின் அளவுகோல் டக்ளஸ் போன்ற ஆண்களின் கதைகளிலிருந்து வந்தது. அவற்றில் அடி, பசி, தப்பியோட்டம், எழுத்தறிவு இருக்கும். ஒரு பதினைந்து வயதுப் பெண் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள்ளேயே எதை எதிர்கொண்டாள் என்பதற்கு அந்த அளவுகோலில் இடம் இல்லை. அதனால் அது அவருக்கு நாவல் மாதிரி தெரிந்தது. எல்லோரும் மறுத்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. மேரியன் வில்சன் ஸ்டார்லிங் என்ற கறுப்பினப் பெண் ஆய்வாளர் 1946இலேயே தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தப் புத்தகம் உண்மையானது என்று வாதிட்டிருந்தார். அந்த ஆய்வேடு புத்தகமாக வந்தது 1981இல்தான். முப்பத்தைந்து வருடம் அது அலமாரியில் இருந்தது என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

யெல்லினும் முதலில் பொதுக்கருத்தைத்தான் ஏற்றுக்கொண்டார். முனைவர் பட்டத்துக்காகப் படித்தபோது இந்தப் புத்தகத்தைப் போலி அடிமை வரலாறு என்ற கணக்கில் வைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். பெண்ணிய இயக்கம் எழுந்த காலத்தில், தன்னைத் தானே மறுபடி பயிற்றுவித்துக்கொள்ளும் முயற்சியில், இரண்டாம் முறை படித்தார். அப்போதுதான் உறைத்தது: "அவளே எழுதியது" என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே, அதை யாராவது சரிபார்த்தார்களா?

சரிபார்ப்பது எப்படி? மூலக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. அது இருந்திருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும். எனவே எழுதியவர் எழுதிய காலத்தில் வேறு யாருக்காவது கடிதம் போட்டிருப்பாரா என்று தேட வேண்டும். புத்தகத்தின் கடைசியில் ஏமி போஸ்ட் என்ற பெண் ஒரு சாட்சிக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஏமி போஸ்ட் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வாழ்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை ஒழிப்பிலும் பெண்ணுரிமையிலும் ஈடுபட்டவர். 1849இல் ஜேக்கப்ஸ் அங்கே போனபோது போஸ்ட் வீட்டில் தங்கியிருந்தார். ஜேக்கப்ஸின் தம்பி ஜான் அந்த ஊரில் அடிமை ஒழிப்பு வாசகசாலை ஒன்றை நடத்தினார்; அதே கட்டடத்தில்தான் டக்ளஸின் பத்திரிகை அலுவலகமும். போஸ்ட் குடும்பத்தின் தாள்கள் பின்னாளில் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அதற்குள் ஜேக்கப்ஸ் ஏமிக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கட்டே இருந்தது.

அந்தக் கடிதங்களில் ஒரு புத்தகம் பிறப்பதை வருடக்கணக்கில் பார்க்கலாம். எழுதச் சொல்லி ஏமி தூண்டுகிறார். தன் வாழ்க்கையில் நடந்ததை வெளியே சொல்லக் கூசுகிறது என்று ஜேக்கப்ஸ் தயங்குகிறார். 1852இல் அவர் வேலை செய்த வீட்டு எஜமானி கார்னீலியா வில்லிஸ் 300 டாலர் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்குகிறார். தன்னை ஒரு பண்டமாக விலைபேசி வாங்கித்தான் விடுவிக்க வேண்டுமா என்ற கசப்பு ஜேக்கப்ஸுக்குக் கடைசி வரை போகவில்லை. அடிமைமுறையைச் சாடிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிப் புகழின் உச்சியில் இருந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் உதவி கேட்கலாம் என்று ஒரு யோசனை வருகிறது. ஸ்டோ அந்தக் கதையைத் தன் அடுத்த நூலுக்கு எடுத்துக்கொள்ளப் பார்த்தார். அதோடு, கதை உண்மையா என்று கேட்டு விவரத்தை கார்னீலியாவுக்கே அனுப்பிவிட்டார். தன் பிள்ளைகளின் தகப்பன் யார் என்பதை ஜேக்கப்ஸ் அதுவரை கார்னீலியாவிடம் சொன்னதில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் "சரி, நானே எழுதுகிறேன்" என்ற முடிவு.

பகலெல்லாம் வில்லிஸ் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் எழுதினார். வீட்டுக்காரர் நத்தானியல் வில்லிஸ் பிரபல எழுத்தாளர், ஆனால் அடிமைமுறை விஷயத்தில் அவரை நம்ப முடியாது என்று ஜேக்கப்ஸ் நினைத்ததால் அவருக்குத் தெரியாமல் எழுதினார். ஒரு கடிதத்தில், புத்தகம் இப்போது கூட்டுப்புழுவாக இருக்கிறது, இதை என்னால் வண்ணத்துப்பூச்சி ஆக்க முடியாது, எளிய பூச்சிகளோடு ஊர்ந்து போனாலே போதும் என்று எழுதுகிறார். இந்த ஒரு வரியைப் படித்தால் போதும், இவருக்கு எழுத வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த சிக்கல், பல கடிதங்களில் தேதியும் மாதமும் இருந்தாலும் வருடம் இல்லை. வருடம் தெரியாத கடிதத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. இந்தக் குழந்தை எப்போது பிறந்தது, இந்த வீட்டுக்கு எப்போது குடிபோனார்கள், இந்தப் பத்திரிகைச் செய்தி எந்த வாரம் வந்தது என்று ஒவ்வொன்றாக உள்சான்று பார்த்துக் காலவரிசைப்படுத்த வேண்டும். எழுத்துப்பிழைகள் நிறைய, நிறுத்தற்குறி பெரும்பாலும் இல்லை. யெல்லின் கடிதங்களை அச்சிட்டபோது அவற்றைத் திருத்தவில்லை, இருந்தபடியே விட்டார். இது சின்ன முடிவாகத் தோன்றலாம். ஆனால் வழவழப்பாகத் திருத்திப் போட்டிருந்தால், "பார், இதிலும் கை வைத்திருக்கிறார்கள்" என்ற பழைய குற்றச்சாட்டுக்குப் புது உயிர் கொடுத்தது போலாகியிருக்கும்.

மரியா சைல்டு எவ்வளவு கை வைத்தார் என்ற கேள்விக்கும் கடிதங்களே பதில் சொல்லின. 1860இல் அவர் ஜேக்கப்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தான் செய்ததை விவரமாகச் சொல்கிறார்: சில பகுதிகளை இடம் மாற்றியிருக்கிறார், கொடுமைகளை ஒரே அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறார், ஜான் பிரௌனைப் பற்றிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பாட்டியின் மரணத்தோடு முடிக்கலாம் என்று யோசனை சொல்கிறார். மறுவருடம் ஒரு தோழிக்கு எழுதியபோது, முழுப் புத்தகத்திலும் ஐம்பது வார்த்தைகளைக்கூட மாற்றியிருக்க மாட்டேன் என்கிறார். இது ஒரு நல்ல பதிப்பாசிரியர் எந்த எழுத்தாளருக்கும் செய்கிற வேலை. அந்த ஜான் பிரௌன் அத்தியாயம் போனது எனக்கு வருத்தமே. ஆயுதம் ஏந்தி அடிமைமுறையை எதிர்த்தவரைப் பற்றி ஜேக்கப்ஸ் என்ன நினைத்தார் என்பது நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது. சைல்டு ஆசிரியர் இல்லை என்று நிரூபித்த அதே கடிதம், அவருடைய கை எங்கே விழுந்தது என்பதையும் காட்டுகிறது. இரண்டையும் மறைக்காமல் அச்சிட்டதுதான் யெல்லினின் நேர்மை.

இத்தனையும் சேர்ந்து எழுதியவர் யார் என்பதைத்தான் நிறுவும். எழுதியது நடந்ததா? இதற்கு ஈடன்டனுக்கும் வட கரோலினா மாநில ஆவணக்காப்பகத்துக்கும் போக வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. ஏனென்றால் ஜேக்கப்ஸ் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்த தாள்களில் பெரும்பாலானவை அவரை அடிமையாக வைத்திருந்தவர்களின் தாள்கள். ஃபிலிப்ஸ் எந்த வகை ஆவணங்களை மட்டுமே நம்பலாம் என்றாரோ, அதே வகை.

புத்தகத்தின் டாக்டர் ஃபிளின்ட், நார்கம் ஆனார். மிஸ்டர் சாண்ட்ஸ், சாயர் ஆனார். மார்த்தா அத்தை, ஹாரியட்டின் பாட்டி மாலி ஹார்னிப்லோ ஆனார். பாட்டியை ஏலத்தில் நிறுத்தியபோது இறந்துபோன எஜமானியின் வயதான சகோதரி ஐம்பது டாலருக்கு ஏலம் கேட்டு வாங்கி விடுதலை செய்தார் என்று புத்தகம் சொல்கிறது. கேட்டால் கதை மாதிரி இருக்கும். 1828இல் ஹன்னா பிரிச்சர்டு என்ற பெண் மாலியை வாங்கி விடுதலை செய்தது பதிவில் இருக்கிறது.

உயில் விஷயம் இன்னும் கூர்மையானது. மார்கரெட் ஹார்னிப்லோவின் உயிலில் ஹாரியட்டைக் குழந்தைக்குக் கொடுப்பது ஒரு பிற்சேர்க்கையில் வருகிறது. அதற்கு நார்கம் ஒரு சாட்சி. மார்கரெட்டின் கையொப்பம் அதில் இல்லை. தனக்கு எழுத்தறிவு தந்த அம்மாள் தன்னை விடுதலை செய்வார் என்று எதிர்பார்த்து ஏமாந்ததாக ஜேக்கப்ஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தாளை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் திருப்பிப் போட்ட அந்த வரிகளுக்கு, அவற்றால் லாபம் அடைந்த வீட்டின் தலைவரே சாட்சி.

அப்புறம் அந்தச் செய்தித்தாள் விளம்பரம். ஜேக்கப்ஸ் ஓடிப்போனதும் நார்கம் 1835 ஜூலையில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரிலிருந்து வந்த 'அமெரிக்கன் பீக்கன்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஹாரியட் என்ற பெண், வயது 21, உயரம் சுமார் ஐந்தடி நான்கங்குலம், சரளமாகப் பேசுவாள், நல்ல தையல்காரி, அதனால் நன்றாக உடுத்துவாள், எந்தக் காரணமும் இல்லாமல் ஓடிவிட்டாள், வடக்கே போக நினைக்கலாம், பிடித்துத் தந்தால் 100 டாலர். ஜேக்கப்ஸின் புத்தகத்திலும் இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. வயது அதே 21, உயரமும் அதே. தொகை மட்டும் 300 டாலர். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து நினைவிலிருந்து எழுதியவரின் பிசகா, அடையாளம் மறைக்கச் செய்த மாற்றமா, யார் கண்டது? யெல்லின் இரண்டையும் வாசகர் முன்னால் வைத்தார். "எந்தக் காரணமும் இல்லாமல்" என்று நார்கம் எழுதியதையும் வைத்தார். அந்தச் சொற்களுக்குப் பதிலாக ஜேக்கப்ஸின் முழுப் புத்தகமும் இருக்கிறது.

1981 நவம்பரில் 'அமெரிக்கன் லிட்டரேச்சர்' ஆய்விதழில் யெல்லினின் கட்டுரை வந்தது. 1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் அவர் பதிப்பித்த நூலை வெளியிட்டது. ஆசிரியர் ஹாரியட் ஏ. ஜேக்கப்ஸ் என்ற பெயர் அட்டையில் நின்றது. உள்ளே நீண்ட முன்னுரை, கடிதங்கள், வரைபடம், பக்கம் பக்கமாகக் குறிப்புகள். அதன் பிறகு இந்தப் புத்தகம் போலி என்ற வாதம் ஆய்வுலகில் எடுபடவில்லை. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் டக்ளஸின் தன்வரலாற்றோடு சேர்த்துப் பாடமாக வைக்கப்படுகிற நூல் இதுதான்.

பலர் இங்கே நிறுத்தியிருப்பார்கள். யெல்லின் நிறுத்தவில்லை. ஒழிப்பு இயக்கத்துப் பெண்களைப் பற்றி 1989இல் ஒரு நூல் எழுதினார். 2004இல் ஜேக்கப்ஸின் முழு வாழ்க்கை வரலாறு வந்தது. அடிமைமுறை பற்றிய சிறந்த நூலுக்கான ஃபிரெடெரிக் டக்ளஸ் பரிசு அந்த வருடம் அதற்குக் கிடைத்தது. தன்வரலாறு ஜேக்கப்ஸின் விடுதலையோடு முடிகிறது. வாழ்க்கை அங்கே முடியவில்லை. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாஷிங்டனுக்கும் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவுக்கும் போய், தப்பி வந்த கறுப்பின மக்களின் முகாம்களில் வேலை செய்தார். அங்கே கண்டதை 1862இல் ஒழிப்பு இயக்கத்தின் 'லிபரேட்டர்' பத்திரிகைக்கு எழுதினார். 1864இல் அலெக்சாண்ட்ரியாவில் அவர் பெயரில் ஒரு பள்ளி திறந்தது. அதை வெள்ளைக்கார ஆசிரியர்கள் நடத்துவதா என்று தகராறு வந்தபோது, கட்டியவர்களே முடிவு செய்யட்டும் என்று அந்த மக்களிடமே விட்டார். இதெல்லாம் வெளியே தெரிய வந்தது கடிதங்களைத் தொடர்ந்து தேடியதால்தான்.

2008இல் வட கரோலினா பல்கலைக்கழக அச்சகம் 'ஹாரியட் ஜேக்கப்ஸ் குடும்ப ஆவணங்கள்' என்ற இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. ஜேக்கப்ஸ், தம்பி ஜான், மகள் லூயிசா மூவரையும் சுற்றிய சுமார் 300 ஆவணங்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் எழுதிய கடிதத்துக்குத் தானே நகல் வைத்தார், குடும்பம் காப்பாற்றியது, பெரிய நூலகங்கள் வாங்கிப் பாதுகாத்தன. 1950இல் தொடங்கிய பதிப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அடிமையாக இருந்த பெண்ணுக்கு மேசை இழுப்பறை கிடையாது. அவர் எழுதிய கடிதம் பிழைத்திருந்தால், பெற்றுக்கொண்டவரின் வீட்டில் பிழைத்திருக்கும். எனவே அவரைத் தேட வேண்டும் என்றால் அவர் எழுதியிருக்கக்கூடிய ஒவ்வொருவரையும் தேட வேண்டும். கேள்வியில் கேட்ட "ஏன் இத்தனை வருடம்" என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

இந்த வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கடினமான கேள்வியும் உண்டு. 1861இல் ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல்லை நம்புவதற்கு சைல்டும் போஸ்டும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1987இல் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் போயும் நிலைமை மாறவில்லையா? இந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. 1861 பதிப்பின் முடிவில் ஏமி போஸ்டோடு சேர்த்து ஜார்ஜ் லோதர் என்ற கறுப்பினத்தவரும் ஜேக்கப்ஸுக்குச் சாட்சி சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஸ்டார்லிங்கின் ஆய்வேட்டையும்தான். நம்பாதது சமூகத்தின் குறை. அந்தக் குறை இருக்கும் வரை, நம்பாதவர்கள் வாயடைக்கும் அளவுக்கு ஆதாரத்தைத் திரட்டி வைப்பது தேவைப்பட்டது, அதை யெல்லின் செய்தார் என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

இன்னொன்று. யெல்லின் பதிப்பின் விரிவாக்கப்பட்ட வடிவத்தில் தம்பி ஜான் ஜேக்கப்ஸின் தன்வரலாறும் சேர்க்கப்பட்டது. அது 1861இல் லண்டன் வார இதழ் ஒன்றில் வந்த வடிவம். ஜான் அமெரிக்காவை விட்டுப் போய், ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டி, பிறகு கடலோடியாக வாழ்ந்தவர். ஜோனத்தன் ஷ்ரோடர் என்ற ஆய்வாளர், கணினியில் ஏற்றப்பட்ட பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகளைத் தேடியபோது, 1855இல் சிட்னியின் 'எம்பயர்' நாளிதழில் ஜான் எழுதிய முழு வடிவம் கிடைத்தது. லண்டன் இதழ் அதை வெகுவாக வெட்டிக் குறைத்திருக்கிறது; அமெரிக்க அரசையும் அதன் சட்டங்களையும் நேரடியாகச் சாடிய பகுதிகள் காணாமல் போயிருந்தன. தலைப்பிலேயே, அமெரிக்காவை ஆள்வது ஆறு லட்சம் சர்வாதிகாரிகள் என்றிருந்தார் ஜான். அடிமைகளை வைத்திருந்தவர்களைத்தான் சொல்கிறார். 2024இல் அது புத்தகமாக வந்தது. யெல்லினின் வேலை இதனால் பழசாகிவிட்டதா என்றால், இல்லை. ஜான் ஜேக்கப்ஸ் யார், ஏன் தேட வேண்டும் என்பதே அவருடைய குறிப்புகள் இருந்ததால்தான் தெரிந்தது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1861 பதிப்போடு நிறுத்திக்கொள்ளாமல், நூலகத்தில் கிடைத்தால் யெல்லினின் ஹார்வர்டு பதிப்பை எடுங்கள். முதலில் பின்னால் இருக்கும் ஏமி போஸ்ட் கடிதங்களைப் படியுங்கள், பிறகு புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கு வாருங்கள். குறிப்புகளைக் கதை ஓட்டத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு, குறிப்புகளை மட்டும் தனியாக வரிசையாகப் படியுங்கள். ஈடன்டன் என்ற ஊர், அங்கே யார் யாருக்குச் சொந்தம், யார் யாரை விற்றார்கள், யார் யாரை ஒளித்து வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் இருக்கின்றன.